ஸ்கேனில் தெரியாத வலி

கேள்வி: மாங்காய்க் கூடையைத் தூக்கும்போது பிடித்துக்கொண்ட இடுப்புவலி இரண்டு ஆண்டுகளாக விடவில்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் குறையேதும் இல்லை. நான் நடிப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். இது மனப்பிரமையா?
– வாசகி, காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.

பதில்: இல்லை, சகோதரி, உங்கள் வலி உண்மையானது. நரம்புகள் கொண்டுவரும் செய்தியைப் பழைய அனுபவத்தோடும் அச்சத்தோடும் சேர்த்துப் பார்த்து, உடலுக்கு ஆபத்து என்று மூளை கருதும்போது எழுப்பும் எச்சரிக்கையே வலி. 1995-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியான குறிப்பொன்றில், பூட்ஸைத் துளைத்து மேலே வந்த ஆணியைக் கண்டு துடித்த கட்டடத் தொழிலாளிக்கு மருந்து கொடுத்து மயக்கியே அதைப் பிடுங்கினார்கள். பூட்ஸைக் கழற்றினால், ஆணி விரல்களுக்கு நடுவே புகுந்திருந்தது, பாதத்தில் காயமே இல்லை. அவர் நடிக்கவில்லை.

தசைப்பிடிப்பு பெரும்பாலும் சில வாரங்களில் ஆறிவிடும். 3 மாதங்களைக் கடந்தும் நீடிக்கும் வலியிலோ, நரம்பு மண்டலம் மிகையாகக் கூர்மையடைந்து, வாசலில் கோலமிடக் குனிவதற்குக்கூட எச்சரிக்கை எழுப்பப் பழகிவிடக்கூடும். தூக்கமின்மையும் கவலையும் அதை வளர்க்கும். ‘நடிப்பு’ என்ற சொல்லும்தான், இதை உங்கள் வீட்டார் அவசியம் படிக்க வேண்டும். இந்த வலி உடல் சேதத்தின் அறிகுறி அன்று என மூளைக்குப் பயிற்றுவிக்கும் சிகிச்சை பற்றி 2022-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், அதைப் பெற்ற நாள்பட்ட முதுகுவலிக்காரர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் வலி நீங்கியோ மிகவும் குறைந்தோ காணப்பட்டனர்.

கால் மரத்துப்போதல், சிறுநீர் கட்டுப்பாடு தவறுதல், காய்ச்சல், எடைக்குறைவு ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். அவை இல்லையெனில், பிசியோதெரபிஸ்ட் துணையுடன், முதலில் வெறுங்கூடையைத் தூக்கிப் பழகுங்கள்.