நொடித்துப் போதல்: சொல் விளக்கக் கேள்வி பதில்

கேள்வி: ‘தொழிலில் நொடித்துப் போனார்’ என்கிறோம். ஒரு நொடியில் எல்லாவற்றையும் இழந்தார் என்பதுதான் இதன் பொருளா, ஐயா?

பதில்: அவ்வாறு கொள்வதற்கில்லை. கால அளவாகிய நொடி, கைவிரலை நொடிக்கும் செயலால் வந்த பெயர். ‘கண்ணிமை நொடியென அவ்வே மாத்திரை’ என்று தொல்காப்பியம் ஒலியின் அளவை வரையறுப்பதும் அதைக் கொண்டுதான். செல்வமோ பெரும்பாலும் கடனாலும் வட்டியாலும் சிறிது சிறிதாகவே கரைகிறது. நொய்ம்மை, நொசிவு, நொறுங்குதல் ஆகிய சொற்களில் தோன்றும் மெலிவும் முறிவுமே இங்கும் உட்பொருள் என்பது என் கருத்து. வழக்கும் இதற்கு அரண் செய்கிறது: பிறந்தது முதல் வறுமையில் இருப்பவரை நொடித்துப் போனவர் என்று எவரும் சொல்வதில்லை, ஓரளவு நிமிர்ந்து நின்று, பின்னர்த் தாங்கியிருந்த பொருள் முறிந்தவரையே அவ்வாறு சொல்கிறோம். நிலையைக் காட்டாமல் வீழ்ச்சியைக் காட்டும் இச்சொல்லை ‘ஏழையானார்’ என்று மாற்றி எழுதினால், அவர் முன்பு வாழ்ந்த வாழ்வு மறைந்துவிடும்.

கேள்வி: ‘திவாலானார்’ என்பதும் இதுவும் ஒன்றா?

பதில்: இல்லை. இந்தி, உருது வழியாக வந்த திவால், கடனைத் தீர்க்க இயலாத நிலையைக் குறிப்பது. சட்ட வழக்கிலும் இடம்பெறுவது. திவாலாகாமலே ஒருவர் நொடித்துப் போகலாம்.

கேள்வி: பழந்தமிழில் ஏழ்மையடைதலுக்குச் சொல் உண்டா?

பதில்: அருமையான சொல் ஒன்று உண்டு. ‘இலம்பாடு ஒற்கம் ஆயிரண்டும் வறுமை’ என்கிறது தொல்காப்பிய உரியியல். இல்லாமையைக் குறிக்கும் ‘இலம்’ என்பதோடு ‘படு’ சேர்ந்து பிறந்த இலம்பாடு, இல்லாமையில் படுதலை, அதாவது அந்நிலைக்கு ஆட்படுதலைத் தன் அமைப்பிலேயே வைத்திருக்கிறது. ‘இலமென்று அசைஇ இருப்பாரை’ நோக்கி நிலமகள் நகுவாள் என்ற குறளிலும் அந்த ‘இலம்’ ஒலிக்கிறது. வறுமை என்பதோ வறட்சியோடு உறவுடையது. மழை பொய்ப்பதை ‘வானம் வறக்குமேல்’ என்றே வள்ளுவர் குறித்தார்.

கேள்வி: அப்படியானால் ‘ஏழை’?

பதில்: பழைய வழக்கில் அது பொருளில்லாதவரைக் குறித்த சொல்லன்று. ‘ஏமுற் றவரினும் ஏழை’ என்னும் 873ஆம் குறளில் அறிவில்லாதவன் என்பதே பொருள். பழைய பாடல்களில் இச்சொல்லைக் காண்போர் இன்றைய பொருளை அதன்மேல் ஏற்றிவிடாமல் படிக்க வேண்டும்.