நான் செய்தது எதற்காக? – கேள்வி பதில்

மொரிஷியசில் நெடுங்காலமாக மனநல ஆலோசகராக இருக்கும் என்னிடம், தம்மைத் தாமே ஐயுறுவது குறித்து வாசகர்கள் கேட்டவை இவை. அடைப்புக்குறிக்குள் இருப்பது அவரவர் ஊர்.

கேள்வி (கத்ர் போர்ன்): அம்மா, பத்து நாள் விரதமிருந்து கோர் தெ கார்த் மலைக் கோயிலுக்குத் தைப்பூசக் காவடி எடுத்தேன். கைப்பேசியில் படம் எடுப்பவர்களைக் கண்டதும் என் நடை நிமிர்ந்ததை நானே உணர்ந்தேன். நான் எடுத்தது முருகனுக்கா, ஊருக்கா?

பதில்: இரண்டும் கலந்திருக்கலாம், அதனாலேயே பக்தி பொய்யாகிவிடாது. 'ஏன் செய்தேன்' என்று மனத்தைக் கேட்டால் அது உடனே ஒரு காரணம் சொல்லிவிடும், ஆனால் அந்தக் காரணம் உண்மையாக இருக்க வேண்டும் என்பதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் நிஸ்பெட்டும் வில்சனும் 1977-இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, தரமானதைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வலது ஓரத்து ஜோடியே மிக அதிகமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஆனால் அது இருந்த இடம்தான் காரணம் என்று ஒருவரும் தாமாகச் சொல்லவில்லை. ஆகவே மனம் சொல்வதை விட்டு, நடந்ததைப் பாருங்கள். அலுவலகத்தில் மற்றவர்கள் பொரித்த மீனோடு சாப்பிட உட்கார்ந்தபோது, ஒருவரிடமும் சொல்லிக்கொள்ளாமல் விரதம் காத்தீர்களா? அடுத்த ஆண்டு உங்களைப் படம் எடுக்க வேண்டாம் என்று வீட்டாரிடம் சொல்லிப் பாருங்கள். அப்போது மனம் எவ்வளவு சுணங்குகிறதோ, அவ்வளவுதான் ஊருக்கான பங்கு.

கேள்வி (ரோஸ் ஹில்): பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன், வீட்டில் பேசுவதோ கிரியோல். பெற்றோர்கள் பாராட்டும்போதெல்லாம் ஏமாற்றுகிறேனோ என்று அஞ்சுகிறேன்.

பதில்: கிளான்ஸ், ஐம்ஸ் என்ற இரு பெண் உளவியலாளர்கள் 1978-இலேயே இந்த அச்சத்தை எழுதினார்கள், அவர்கள் சந்தித்த பெண்கள் படிப்பிலோ பணியிலோ சிறந்து விளங்கியவர்கள். ஆனாலும் உங்கள் ஐயம் முழுவதும் வீண் என்று நான் சொல்ல மாட்டேன். அதைச் சிறு துண்டுகளாக்குங்கள். 'எனக்குத் தமிழ் போதாது' என்பதற்கு மருந்தில்லை. 'மழை, மலை இரண்டையும் ஒன்றுபோல் உச்சரிக்கிறேன்' என்பதற்கு உண்டு. ஒரு பாடத்தை வாசித்துப் பதிவு செய்து, நன்கு உச்சரிக்கும் சக ஆசிரியர் ஒருவரிடம் கொடுத்துப் பிழை குறிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி (போர்ட் லூயிஸ்): அன்றன்று பேசியதையெல்லாம் இரவில் ஆராய்ந்து, தூக்கம் கெடுகிறது. இது நல்ல பழக்கமா?

பதில்: புதிதாக ஒன்றும் தெரியவராமல் அதே கேள்வி மூன்றாம் முறை வந்தால் அது ஆராய்ச்சியன்று, உழற்சி. யாரைப் புண்படுத்தியதாக நினைக்கிறீர்களோ, அவரிடமே காலையில் கேட்டுவிடுங்கள். தூக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள்.