சாதனையோடு தேதியையும் படி மக்கா: வாசகர் கேள்வி பதில்

போன இதழில் கின்னஸ் நிறுவனம் வெளியிடும் வீடியோ கேம் சாதனைப் புத்தகத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அதைப் பற்றியே இருக்கின்றன, அதனால் இந்த மாதம் முழுக்க அதுதான்.

என் தம்பி துபாயிலிருந்து வரும்போது 2010-ம் ஆண்டு கேம் சாதனைப் புத்தகம் ஒன்றை என் மகனுக்குக் கொண்டு வந்தான். எட்டாம் வகுப்பு படிக்கிறான். சாப்பிடும்போதும் அந்தப் புத்தகம்தான். பரீட்சை முடியும்வரை எடுத்து அலமாரியில் பூட்டி வைக்கலாமா?
*ஒரு தாய், தக்கலை*

பூட்ட வேண்டாம் அக்கா. பையன் போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை, இங்கிலீஷ் புத்தகம் ஒன்றை யாரும் சொல்லாமலே வாசிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள், அது சின்ன விஷயமில்லை. பரீட்சைக் காலத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்புறம் அரை மணி நேரம் என்று வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், போதும்.

நீங்களும் ஒன்று செய்யலாம். அவன் ஒரு சாதனையைச் சொன்னால், 'யார் செய்தது, எந்த வருஷம், யார் கூட இருந்து எண்ணியது' என்று மூன்றையும் கேளுங்கள். கின்னஸ் புத்தகமே இப்படிப்பட்ட ஒரு கேள்வியிலிருந்து பிறந்ததுதான். 1951-ல் அயர்லாந்தில் வேட்டைக்குப் போன ஹியூ பீவர், ஐரோப்பாவிலேயே வேகமாகப் பறக்கும் வேட்டைப் பறவை எது என்று நண்பர்களோடு வாதாடினார். தீர்த்து வைக்க ஒரு புத்தகமும் கிடைக்கவில்லை. அவர் நிர்வகித்த கின்னஸ் மதுபான நிறுவனம் 1955-ல் முதல் பதிப்பைக் கொண்டு வந்தது. கேமுக்கென்று தனிப் புத்தகம் 2008-ல் வந்தது. வாக்குவாதத்தைத் தீர்க்க வந்த புத்தகம் என்று தெரிந்தால் பையன் வாசிக்கும் விதமே மாறும்.

திங்கள்சந்தையில் பழைய புத்தகக் கடையில் 2010-ம் ஆண்டு கேம் சாதனைப் புத்தகம் ஒன்று வாங்கினேன். கூட்டுக்காரன் புரட்டிப் பார்த்துவிட்டு 'இதில் உள்ளதெல்லாம் தப்பு' என்கிறான். காசு போச்சா?
*கல்லூரி மாணவர், இரணியல்*

போகவில்லை மக்கா. தப்பு வேறு, பழசு வேறு. மைன்கிராஃப்ட் என்ற கேம் முழுமையாக வெளியானதே 2011 நவம்பரில்தான். 2023-ல் அது 30 கோடி பிரதிகளைத் தாண்டிவிட்டது. 2010-ல் அச்சான புத்தகத்தில் அதைத் தேடினால் எப்படி இருக்கும்? அந்தப் பக்கம் அந்த வருஷத்துக்குச் சரி, அவ்வளவுதான்.

பழைய நிண்டெண்டோ கேம் மெஷினில், மேலிருந்து விழும் காய்களை அடுக்கும் டெட்ரிஸ் ஆடுபவர்கள் 29-வது லெவலோடு கதை முடிந்தது என்றே பல வருஷம் நம்பினார்கள். காய்கள் அந்த வேகத்தில் விழும், விரல் எட்டாது. அப்புறம் பட்டனை அழுத்துவதற்குப் பதிலாக, கண்ட்ரோலரின் பின்பக்கத்தை விரல்களால் வரிசையாகத் தட்டும் முறையைக் கண்டுபிடித்தார்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் 13 வயதுப் பையன் ஒருவன் 157-வது லெவல் வரை போய், கேமையே உறைய வைத்தான். பழைய புத்தகம் கையில் இருந்தால்தான் மனிதன் எங்கிருந்து எங்கே வந்தான் என்று தெரியும். நான் என்றால் அதை விற்க மாட்டேன்.

ஒன்றை மட்டும் உன் கூட்டுக்காரன் பக்கம் நின்று சொல்கிறேன். அச்சில் வந்ததாலேயே ஒரு சாதனை முடிந்த விஷயம் ஆகிவிடாது. டாங்கி காங் ஆட்டத்தின் புகழ்பெற்ற ஸ்கோர்கள் சில அசல் மெஷினில் ஆடப்பட்டவைதானா என்று சர்ச்சை கிளம்பி, 2018-ல் கின்னஸ் அவற்றை நீக்கியது, 2020-ல் திரும்பச் சேர்த்தது. தன் முடிவைத் தானே இரண்டு முறை மாற்றியதை நான் குறையாகப் பார்க்கவில்லை. ஆதாரத்தைத் திரும்பப் பார்க்கத் தயாராக இருப்பவர்களைத்தான் நம்பலாம்.

பேக்-மேனில் அதிகபட்ச ஸ்கோர் 33,33,360 என்று படித்தேன். அதற்கு மேல் ஒரு பாயின்ட்கூட எடுக்க முடியாதா? ஏன் அந்த எண்?
*பிளஸ் டூ மாணவி, குளச்சல்*

இந்த மாதம் வந்ததில் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

பேய்களிடம் சிக்காமல் திரையில் உள்ள புள்ளிகளைத் தின்றுகொண்டே போகும் ஆட்டம் அது. 1980-ல் வந்த அந்த மெஷினில் லெவல் எண்ணை வைக்க எட்டு பிட் (எட்டு இரும இலக்க) இடம்தான் ஒதுக்கினார்கள். எட்டு பிட்டில் 0 முதல் 255 வரை மட்டும் அடங்கும். 256-வது லெவலுக்குப் போனால் கீழே பழங்களை வரையும் பகுதியில் கணக்கு சுழன்று பூஜ்யத்துக்கு வந்துவிடுகிறது, ஏழு பழம் வரைய வேண்டிய இடத்தில் 256 பழம் வரையப் பார்க்கிறது, திரையின் வலது பாதி முழுவதும் எழுத்தும் எண்ணுமாகச் சிதைந்து போகிறது. அந்தப் பாதியில் தின்பதற்குப் போதிய புள்ளிகள் இல்லாததால் லெவலை முடிக்கவே முடியாது. ஆக, 255 லெவலிலும் எல்லாப் புள்ளி, எல்லாப் பழம், பேய்கள் நீலமாகும் ஒவ்வொரு முறையும் நான்கையும் ஒரு உயிர்கூடப் போகாமல் தின்று, கடைசிச் சிதைந்த திரையில் மிச்சமிருக்கும் உயிர்களையெல்லாம் செலவழித்து அங்கே ஒளிந்திருக்கும் சில புள்ளிகளைத் திரும்பத் திரும்ப எடுத்தால் வருவதுதான் 33,33,360.

இந்த முழு ஸ்கோரை எடுத்ததாக முதலில் பதிவானது 1999-ல். கேம் வந்து 19 வருஷம் கழித்து! ஸ்கோரை இனித் தாண்ட முடியாது என்று ஆனதும், எவ்வளவு சீக்கிரம் அதை எட்டலாம் என்று போட்டி திசை மாறியது. அதையும் மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்திருக்கிறார்கள். உங்கள் கம்ப்யூட்டர் டீச்சரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், இரும எண் பாடத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மரியோவை ஐந்து நிமிஷத்துக்குள் முடிக்கிறார்களாமே, உண்மையா? என் பெயரும் புத்தகத்தில் வர என்ன செய்ய வேண்டும்?
*வாசகர், மார்த்தாண்டம்*

உண்மைதான். 1985-ல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸை 2021-ல் 4 நிமிஷம் 55 விநாடிக்கும் குறைவாக முடித்துவிட்டார்கள். அதில் ஒரு விசேஷம் உண்டு. பெரும்பாலான லெவல்கள் முடிந்ததும் கேம் உடனே அடுத்ததற்குப் போகாது, 21 பிரேமுக்கு (திரையில் மாறும் ஒவ்வொரு படமும் ஒரு பிரேம்) ஒருமுறைதான் போகும். வடசேரி பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரத்துக்கு ஒரு பஸ் என்றால் இரண்டு நிமிஷம் முந்தி ஓடிவந்தாலும் அதே பஸ்தானே. இங்கே பஸ் விநாடியில் மூன்றில் ஒரு பங்குக்கு ஒன்று. அதனால் ஒரு லெவலில் கொஞ்சம் மிச்சம் பிடித்தால் பிரயோஜனமில்லை, முந்தின பஸ்ஸையே பிடிக்க வேண்டும். இந்த ஆட்டக்காரர்கள் இதற்காக வருஷக்கணக்கில் உழைக்கிறார்கள்.

பெயர் வர வேண்டுமென்றால், போனில் எடுத்த ஸ்க்ரீன்ஷாட் போதாது அண்ணே. சாதனை அளக்கக்கூடியதாக இருக்க வேண்டும், இன்னொருவர் முறியடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், எங்கே ஆடினாலும் ஒரே விதியில் செய்யக்கூடியதாகவும், சரிபார்க்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். முதலில் கின்னஸ் இணையதளத்தில் விண்ணப்பித்து விதிகளை வாங்குங்கள், பதில் வரக் கொஞ்சம் காத்திருக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. ஆட்டத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை வெட்டாமல் வீடியோ எடுங்கள். 'உலக சாதனை' என்று பெயர் வைத்த அமைப்பெல்லாம் கின்னஸ் இல்லை, யாராவது சான்றிதழுக்குப் பணம் கேட்டால் கொடுக்கும் முன் விசாரியுங்கள்.

எங்கள் சின்ன வயதில் கான்ட்ரா கேசட்டில் 30 உயிர் வரவைக்க ஒரு பட்டன் வரிசை உண்டு என்று சண்டை போடுவோம். அது கட்டுக்கதையா?
*வாசகர், நாகர்கோவில்*

கட்டுக்கதை இல்லை. முதல் திரையில் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ, அப்புறம் ஸ்டார்ட். கொனாமி நிறுவனத்தின் கஸுஹிஸா ஹாஷிமோட்டோ, 1986-ல் கிரேடியஸ் என்ற கேமைச் சோதிக்கும்போது அது தனக்கே கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்ட வழி அது. கான்ட்ராவுக்கும் அதுவே வந்தது. தெரு முழுக்க வாய்வழியாகவே பரவியதால் ஆளாளுக்கு ஒரு வரிசை சொன்னோம், நானும் ரொம்ப நாள் இடது வலதை மாற்றித்தான் அழுத்திக்கொண்டிருந்தேன்.