கல்லணைக்குக் கீழே ஒற்றைக் கோடு போதாது

அன்புள்ள ஐயா,

ஐந்தாம் வகுப்பில் மாநிலத்தைப் பற்றிய பாடத்துக்குப் பிள்ளைகளைச் சார்ட் செய்யச் சொன்னேன். கடையில் படத்தாள் வாங்கி, வெட்டி ஒட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். சுவர் நிறைந்துவிட்டது. ஆனால் காவிரி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று கேட்டால் பாதிப் பேர் கடலைக் காட்டுகிறார்கள். எப்படிச் செய்யவைப்பது?

ஓர் ஆசிரியை, திருவாரூர் மாவட்டம்

அன்புள்ள ஆசிரியைக்கு,

படம் ஒட்டுவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஆறு வரட்டும். மேட்டூர் திறந்து சில நாளில் வாய்க்காலில் தண்ணீர் வருவதைக் கண்ணால் பார்க்கும் பிள்ளைகள் அவர்கள். மாநிலத்தை அங்கிருந்து தொடங்குவதுதான் முறை.

முழு வெள்ளைச் சார்ட் (சுமார் 71 × 56 செ.மீ.) ஒன்றை நெட்டுவாக்கில் வையுங்கள். தென்னிந்திய வரைபடத்தை, கன்னியாகுமரியிலிருந்து தமிழ்நாட்டின் வட எல்லை வரை 12 செ.மீ. வரும்படி ஜெராக்ஸ் எடுங்கள். அதில் 1 செ.மீ. கட்டம், சார்ட்டில் 5 செ.மீ. கட்டம், இரண்டும் பென்சிலில் இலேசாக. இப்போது சார்ட்டில் 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 10 கி.மீ. இடப்பக்கம் இரண்டு கட்ட வரிசையை விட்டுத் தமிழ்நாட்டைத் தொடங்குங்கள். காவிரி பிறக்கும் தலைக்காவிரி அங்கேதான் விழும். எல்லையோடு தாளை நிறுத்திவிட்டால் ஆறு ஒகேனக்கல்லில் பிறக்கிறது என்றே மனதில் பதிந்துவிடும்.

கடற்கரையை ஒரே இழுப்பில் வரைந்தால் கோடியக்கரை மழுங்கிப்போகும். அங்கே கரை சட்டென்று மேற்கே திரும்புகிறது. ஆகவே பழவேற்காடு, கோடியக்கரை, தனுஷ்கோடி, கன்னியாகுமரி நான்குக்கும் முதலில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

மேட்டூர், முக்கொம்பு என்று ஆறு இறங்கி வந்ததும் இந்தச் சார்ட்டில் இடம் போதாது. இரண்டாவது சார்ட்டை அகலவாட்டில் வைத்து, 1 செ.மீ.க்கு 2.5 கி.மீ. என்று டெல்டாவை மட்டும் வரையுங்கள். முக்கொம்பிலிருந்து பூம்புகார் வரை சுமார் 56 செ.மீ. வரும். பெரும்பாலான சார்ட்டுகள் தவறுவது இங்கேதான். கடலை நெருங்க நெருங்க ஆறு அகலும் என்று நினைத்துப் பூம்புகாரில் காவிரியைத் தடிமனாக்கிவிடுவார்கள். நடப்பது நேர்மாறு. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. பெருவெள்ளம் அதில்தான் போகும். கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும் பிரிகின்றன. பிறகு குடமுருட்டி, அரசலாறு. இப்படிக் கொடுத்துக்கொண்டே போகும் காவிரி, மெலிந்துதான் கடலைத் தொடுகிறது. கொள்ளிடத்துக்கு 6 மி.மீ., கல்லணைக்குக் கீழே காவிரிக்கு 4, பூம்புகாரில் 1 என்று கோட்டைக் குறைத்துக்கொண்டே வரட்டும். அதன் பிறகு, ஊர் வாய்க்கால் எந்த ஆற்றிலிருந்து பிரிகிறது என்று வயல் பார்க்கும் பெரியவர்களிடம் கேட்டுவந்து அந்தக் கோட்டையும் சேர்க்க வேண்டும். இந்த ஒரு கோட்டுக்காகவே முழுச் சார்ட்டும் செய்யலாம்.

மாவட்ட எல்லைக்குப் புள்ளிக்கோடு போதும். பார்த்து வரையும் படத்தில் மயிலாடுதுறை தனியாக இல்லையென்றால் அது 2020க்கு முந்தையது. இப்போது மாவட்டங்கள் 38. காரைக்கால் புதுச்சேரியைச் சேர்ந்தது, அதற்கு வண்ணம் தீட்ட வேண்டாம்.

படங்களைப் பிள்ளைகளே ஏ4 தாளின் கால் பாகத்தில் வரையட்டும். ஒவ்வொன்றின் கீழும் ‘ஏன் இங்கே?’ என்பதற்கு ஒரு வரி. சுவாமிமலையில் சிலை வார்ப்பது ஏன்? வார்ப்பு அச்சுக்கு ஏற்ற வண்டல் மண் காவிரிக் கரையில் கிடைக்கிறது. அந்த வரி இல்லாத படத்தை ஏற்காதீர்கள்.

கிரேயான் மெழுகின் மேல் பசை பிடிக்காது. ஒட்டும் இடத்தை வெறுமையாக விட்டுவையுங்கள். ஃபெவிக்காலில் தண்ணீர் கலந்தால் தாள் ஊறி, காயும்போது சுருங்கும். நான்கு மூலையிலும் ஒவ்வொரு பொட்டு போதும்.