கட்டிப்புடிச்சா ஆச்சா?

கடிதம்:

வணக்கம் சார். சன் டிவில டப்பிங்ல வந்த நாகினி முதல் பாகத்தை இப்ப மறுபடி பாத்துட்டு இருக்கேன். சிவன்யா பாம்பா மாறுற நாகினின்னு புருஷன் ரித்திக்குக்கு தெரிஞ்சு, வெறுத்து, அப்புறம் ரெண்டு பேரும் ஒன்னு சேர்ற இடத்துல நல்லா அழுதுட்டேன். எங்க வீட்டுக்காரர் "பாம்புக்கு போய் அழறியே"ன்னு ஒரு வாரமா ஓட்டுறார். நிஜமாவே அவ்ளோ மட்டமான ரசனையா இது?

ஒரு வாசகி

பதில்:

வணக்கம்மா. முதல்ல உங்க வீட்டுக்காரர்கிட்ட ஒன்னு கேளுங்க, அவர் எந்த நேரத்துல அந்த ஹால்ல உக்காந்து இது பாம்பு சீரியல்னு தெரிஞ்சுக்கிட்டாருன்னு.

நானும் பாத்தேன், பெரியம்மா வீட்ல. 2015 நவம்பர்ல இந்தில கலர்ஸ் சேனல்ல ஆரம்பிச்சது, ஏக்தா கபூர் தயாரிப்பு, அங்க சனி ஞாயிறு மட்டும்தான். காத்து அடிக்கும், முடி பறக்கும், ஒரே முகத்தை மூணு தடவ பக்கத்துல காட்டுவாங்க, டப்பிங்ல வாய் ஒரு பக்கம் போகும் அழுகை ஒரு பக்கம் போகும். சிரிப்பு வரத்தான் செய்யுது.

ஆனா மத்த சீரியல்ல புருஷன் பொண்டாட்டி பிரியறாங்கன்னா காரணம் என்னன்னு பாருங்க. யாரோ ஒரு போட்டோவ மாத்தி வெச்சிருப்பாங்க, கதவுக்கு பின்னாடி நின்னு பாதிய கேட்டிருப்பாங்க, ஒரு போன் போட்டா முடிஞ்சு போற விஷயத்தை முந்நூறு எபிசோட் இழுப்பாங்க. இங்க அப்படி இல்லயே. தப்பா புரிஞ்சுக்க ஒன்னுமே இல்ல, அவ நிஜமாவே அவன ஏமாத்திதான் கட்டிக்கிட்டா. நாகமணிக்காக தன்னோட அம்மா அப்பாவ கொன்னவங்கள பழிவாங்கணும், அதுல ஒருத்தர் ரித்திக்கோட அப்பா, அதனால ரித்திக்குக்கு நிச்சயம் பண்ண தன்வி உக்கார வேண்டிய மணமேடைல இவ உக்காந்தா. அவன் கோவப்பட்டது நூத்துக்கு நூறு நியாயம், இவ பழிவாங்க வந்ததும் நியாயம். ரெண்டு நியாயத்துக்கு நடுவுல சேர்றது கஷ்டம், அதான் சேரும்போது நமக்கு தொண்டை அடைக்குது. பாம்புங்கறது கூட வெறும் கிராபிக்ஸ் இல்ல, கட்டிக்கிட்ட ஆள்கிட்ட கடைசி வரைக்கும் காட்டக்கூடாதுன்னு ஒளிச்சு வெக்கிற ஒரு விஷயம், அதை தோலோட தூக்கி எதிர்ல வெச்சுட்டாங்க. நம்ம கதைங்க இதை ரொம்ப நாளா பண்ணிட்டுதான் இருக்கு.

பெரியம்மா அன்னைக்கு அவரைக்கா நார் உரிச்சுட்டு இருந்தாங்க. ரித்திக்கோட அம்மா யாமினியா சுதா சந்திரன் வந்தாலே "இந்தப் பொண்ணு நம்ம திருச்சி பக்கம் 81ல ஆக்சிடென்ட்ல கால் போயி, ஜெய்ப்பூர் செயற்கைக் கால் வெச்சுக்கிட்டு ஆடுனவடா"ன்னு ஒவ்வொரு தடவயும் சொல்லுவாங்க, அதனால யாமினி எவ்ளோ கெட்டது பண்ணாலும் வாய் நிறைய திட்ட மாட்டாங்க. திட்டெல்லாம் சேஷாங்கற இன்னொரு நாகினிக்குத்தான், சிவன்யா கூடவே இருந்துட்டு அவ புருஷன் மேலயே ஆசப்பட்டதுக்கு. அப்பேர்ப்பட்டவங்க, சிவன்யாவும் ரித்திக்கும் சேர்ற அந்த சீன்ல கைய நிறுத்திட்டாங்க. பாதி உரிச்ச நார் விரல்ல அப்படியே தொங்குது. அழறாங்கன்னு நெனச்சேன், விளம்பரம் வந்ததும்தான் வாயத் தொறந்தாங்க.

"கட்டிப்புடிச்சா ஆச்சாடா? ஏன்டி என்கிட்ட சொல்லலன்னு அவன் ஒரு வார்த்த கேக்க வேணாம்? இவளாவது ஆரம்பிக்க வேணாம்?"

என்னோட குறையும் அதேதான்மா. அவ்ளோ பெரிய விஷயம் நடுவுல கெடக்கு, அதைப் பத்தி ரெண்டு பேரும் உக்காந்து பேசுறதுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் குடுக்காம அடுத்த சதிக்கு ஓடிட்டாங்க. சரியா அழ வெச்சாங்க, பாதிலயே கைய எடுத்துட்டாங்க.

பெரியம்மாவுக்கு அந்த கோவம் அடங்கல. பெரியப்பா சாப்பிட வந்து உக்காந்தப்ப தட்டை வெச்ச சத்தம் தெருவுக்கே கேட்டுச்சு, பாவம் அவர் அந்த சீரியல் பக்கமே வந்ததில்ல.