ஊருக்குள்ள வெயில், மேல என்ன நிலவரம்?

கேள்வி: குடும்பத்தோட சுவிட்சர்லாந்துல செர்மாட் போறோம், முதல் தடவையா ஸ்கீயிங். ஃபோன்ல பார்த்தா 2 டிகிரி, வெயில் படம் போட்டிருக்கு. குளிர் அவ்வளவு இல்ல போலயே, மேலயும் இப்படித்தானே இருக்கும்?

பதில்: இல்லைங்க, தயவுசெஞ்சு அதை நம்பி பிள்ளைங்களை மேல கூட்டிட்டுப் போயிடாதீங்க. ஃபோன் காட்டுற 2 டிகிரி ஊருக்குள்ள இருக்குற குளிர். செர்மாட் ஊர் இருக்குறது சுமார் 1600 மீட்டர் உயரத்துல, கேபிள் கார் கொண்டு போய் விடுற கிளைன் மாட்டர்ஹார்ன் 3883 மீட்டர். சராசரியா 1000 மீட்டர் ஏறினா ஆறரை டிகிரி குறையும், கணக்குப் போட்டுப் பாருங்க, மேல மைனஸ் 12, 13 வந்துடும். அதோட மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல காத்து அடிச்சா முகத்துக்கு அது மைனஸ் 23 மாதிரி இருக்கும். கன்னமும் மூக்கு நுனியும் வெளுத்துப் போச்சான்னு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கிட்டே இருங்க, வெளுத்திருந்தா தோல் உறைய ஆரம்பிச்சிருக்குன்னு அர்த்தம், உடனே உள்ள கூட்டிட்டுப் போயிடணும்.

இதுக்கு நேர் எதிராவும் நடக்கும். காத்தே இல்லாத, வானம் தெளிஞ்ச குளிர்கால நாள்ல குளிர்ந்த காத்து கனமா இருக்குறதால பள்ளத்தாக்குல போய்த் தேங்கிடும். கீழ மூடுபனி, விறைக்கிற குளிர், 2000 மீட்டருக்கு மேல போனா பளீர்னு வெயில், கீழ பஞ்சு விரிச்ச மாதிரி மேகம். அதனால ஊர் வெப்பநிலையை வெச்சு எந்தப் பக்கமும் முடிவு பண்ண முடியாது. மேல் ஸ்டேஷன்ல என்ன டிகிரி, காத்து எவ்வளவுன்னு தனியா பாருங்க, காலையில லிஃப்ட் கம்பெனியோட வெப்கேமராவை ஒரு தடவை திறந்து பாருங்க. மலை முகட்டுல இருந்து வெள்ளையா புகை கிளம்புற மாதிரி தெரிஞ்சா அது புகை இல்ல, காத்து பனியை அள்ளிட்டுப் போகுது. அன்னைக்கு மேல் லிஃப்டை நிறுத்திடலாம், ஓட்டினாலும் மேல நிக்க முடியாது.

கேள்வி: போர்டுல பனி 180 சென்டிமீட்டர்னு போட்டிருந்துச்சு, ஆனா பிஸ்ட்ல (சறுக்குறதுக்குன்னு சீர் பண்ணி வெச்ச பாதை) இறங்கினா கண்ணாடி மாதிரி வழுக்குது. பொய்யா போடுறாங்களா?

பதில்: பொய் இல்ல. பனி எவ்வளவு இருக்குன்னு அந்த நம்பர் சொல்லுது, எப்படி இருக்குன்னு அது சொல்லாது. அதுவும் ஏதோ ஒரு இடத்துல நட்ட அளவுகோல்ல எடுத்தது.

பனி எப்படி இருக்கும்னு தெரியணும்னா கடந்த மூணு நாலு நாள் வானிலையைப் பார்க்கணும். ஆல்ப்ஸ்ல ஃபோன்னு (Föhn, கையில வெச்சிருக்குற ஃபோன் இல்ல) ஒரு காத்து உண்டு, மலையோட ஒரு பக்கம் ஏறி, ஈரத்தை எல்லாம் அங்கேயே கொட்டிட்டு, மறுபக்கம் காய்ஞ்சு சூடா இறங்கும், சில மணி நேரத்துல பத்து டிகிரி கூட ஏத்திடும். அது அடிச்சா இல்ல மழை பெஞ்சா மேல்பனி ஊறிடும், அன்னைக்கு ராத்திரி வானம் தெளிஞ்சா ஊறினது அத்தனையும் இறுகிப் போயிடும், மறுநாள் நீங்க பார்க்குற கண்ணாடி அதுதான். இதுல நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், காத்து வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கொஞ்சம் மேல இருந்தா கூட, மேகம் இல்லாத ராத்திரியில பனியோட மேல்தோல் தன் சூட்டை வானத்துக்கு விட்டுட்டு உறைஞ்சுடும்.

போர்டுல நம்பர் பக்கத்துலயே பெரும்பாலும் ஒரு வார்த்தை போட்டிருப்பாங்க, அதைப் படிங்க. ஜெர்மன்ல இருக்கும், புல்வர்னா தூள் பனி, ஹார்ட்னா இறுக்கம், சுல்ட்ஸ்னா நனைஞ்ச கஞ்சி. ஃபிர்ன்னு சொன்னா வசந்த காலத்துல ராத்திரி உறைஞ்சு பகல்ல மேல ஒரு விரல்கடை மட்டும் இளகுற பனி, அதுல சறுக்குற சுகமே தனி. ஆனா அது ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம்தான் நிக்கும். நான் ஒரு மார்ச் மாசம் எட்டரை மணிக்கே தெற்குச் சரிவுல இறங்கி, ஸ்கீ விளிம்பு கர்ர்ர்னு கத்த, முழங்கால் நடுங்க வந்து சேர்ந்தேன், அதே சரிவு பத்தரைக்கு வெண்ணெய் மாதிரி இருந்துச்சு. காலையில கிழக்கு பார்த்த சரிவு முதல்ல இளகும், அப்புறம் தெற்கு, மத்தியானம் மேற்கு. வெயில் படாத வடக்குச் சரிவுல தூள் பனி பல நாள் அப்படியே கிடக்கும். வெயில் போற வழியில நீங்களும் போங்க.

கேள்வி: பனிச்சரிவு அபாயம் 3-ன்னு இருந்துச்சு. அஞ்சுக்கு மூணுன்னா நடுத்தரம்தானே, பிஸ்டை விட்டு கொஞ்சம் ஓரமா போனா தப்பா?

பதில்: தப்புதாங்க. இந்த நினைப்புதான் எனக்கு ரொம்ப பயமா இருக்கு. 3-க்கு அறிக்கை விடுறவங்க வெச்சிருக்குற பேர் கணிசமான அபாயம். ஒவ்வொரு படி ஏறும்போதும் அபாயம் பல மடங்கு கூடும். சுவிட்சர்லாந்துல பனிச்சரிவுல உயிர் போனவங்கள்ல சுமார் பாதிப் பேர் 3 அறிவிச்சிருந்த நாள்ல போனவங்க. 4, 5 வந்தா எல்லாரும் பயந்து வீட்டுல இருந்துடுறாங்க, 3-ல வெயிலும் புதுப்பனியும் சேர்ந்து கூப்பிடுது, போயிடுறாங்க. அதுவும் பெரும்பாலும் பனிச்சரிவைக் கிளப்பிவிடுறது அந்த ஆளே, இல்லன்னா கூட வந்தவர்.

காத்துதான் பனிச்சரிவைக் கட்டுற கொத்தனார்னு ஆல்ப்ஸ்ல சொல்வாங்க. காத்து அள்ளிட்டு வந்த பனி முகட்டுக்கு மறுபக்கம் பலகை பலகையா படியும், அடியில சர்க்கரை மாதிரி உதிரியான பழைய பனி இருந்தா ஒட்டாது, நீங்க காலை வெச்சதும் மொத்தப் பலகையும் நழுவும். 30 டிகிரிக்கு மேல செங்குத்தான சரிவுலதான் பெரும்பாலும் இது நடக்கும். நடக்கும்போது காலுக்கடியில "வும்ம்"னு ஒரு அமுங்குற சத்தம் கேட்டாலோ, பனியில விரிசல் ஓடினாலோ அதுக்கு மேல ஒரு அடி வைக்காதீங்க, வந்த தடத்துலயே திரும்புங்க.

டாவோஸ்ல இருக்குற எஸ்எல்எஃப்ங்கிற பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிறுவனம் குளிர்காலத்துல தினமும் சாயங்காலம் 5 மணிக்குப் பனிச்சரிவு அறிக்கை விடுது, காலை 8 மணிக்குப் புதுப்பிக்குது. அதுல வெறும் நம்பரை மட்டும் பார்க்காம, எந்த உயரத்துக்கு மேல, எந்தத் திசை பார்த்த சரிவுன்னு போட்டிருக்குற சின்னப் படத்தையும் பாருங்க. அந்த அறிக்கை பாதுகாப்பு பண்ணாத வெளி இடத்துக்கானது. திறந்திருக்குற பிஸ்டை ஆளுங்க விடியுமுன்னே பார்த்து, தேவைப்பட்டா வெடி வெச்சு பனியை இறக்கிட்டுத்தான் திறப்பாங்க. கயிறு கட்டி மூடியிருந்தா அதுக்குக் காரணம் இருக்கு.

கேள்வி: மேகமா இருக்குற நாள்ல எனக்கு மேடு பள்ளமே தெரியல, கண்ணுல கோளாறா?

பதில்: கண்ணு நல்லாத்தான் இருக்கும். வெளிச்சம் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி சிதறும்போது நிழல் விழாது, நிழல் இல்லாம பனியில மேடு பள்ளம் யாருக்குமே தெரியாது. அன்னைக்குக் கீழ, மரம் இருக்குற பிஸ்டுக்கு வந்துடுங்க, மரம் கண்ணுக்கு ஒரு பிடி கொடுக்கும். மஞ்சள் இல்ல ரோஸ் நிற லென்ஸ் போட்ட கண்ணாடி கொஞ்சம் உதவும். மேகம்னு கண்ணாடியைக் கழட்டிடாதீங்க, புதுப்பனி புற ஊதாக் கதிர்ல 80 சதவீதம் வரைக்கும் திருப்பி அனுப்பும், சாயங்காலம் கண்ணுக்குள்ள மணல் கொட்டின மாதிரி எரியும்.