ஊட்டியில் கருக்கலைப்பு விளம்பரத்தை எதிர்த்து செப விழிப்பு நடத்துவது எப்படி?

முதலில் விளம்பரத்தைப் படியுங்கள். மாத்திரையால் கரு கலையும் என்ற சுவரொட்டி என்றால், 1954-ஆம் ஆண்டு ஆட்சேபகர மருந்து விளம்பரச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே அதைத் தடுக்கிறது. படமெடுத்து மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையில் மனு கொடுங்கள். செபத்தோடு மனுவும் போகட்டும்.

கருக்கலைப்பையே 1971-ஆம் ஆண்டு மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. ஆகவே மருத்துவமனை வாசலில் கூடாதீர்கள். சிகிச்சைக்கு வரும் பெண்ணுக்கு அது மிரட்டலாகத்தான் படும். தேவாலய வளாகமே நல்லது. சாலையோரம் என்றால் காவல் நிலைய அனுமதி வேண்டும். ஒலிபெருக்கி இரவு 10 மணியோடு சரி.

ஏரோது கொன்ற குழந்தைகளை நினைக்கும் மாசில்லாக் குழந்தைகள் திருநாளான டிசம்பர் 28 பொருத்தம்தான், ஆனால் உறைபனிக் காலம், முதியோர் தாங்கமாட்டார்கள். இயேசு கருவானதை வானதூதர் மரியாவுக்கு அறிவித்த மங்கள வார்த்தைத் திருநாளான மார்ச் 25 அதைவிட நல்லது. நற்கருணை ஆராதனை, நடுவே மகிழ்ச்சி மறைபொருள்களோடு (இயேசுவின் பிறப்பு, குழந்தைப் பருவ நிகழ்வுகளின் தியானம்) ஒரு 53 மணி செபமாலை (சுமார் 20 நிமிடம்). வெறும் மெழுகுதிரி மலைக்காற்றில் நிற்காது. கண்ணாடிக் கூண்டு விளக்கு வையுங்கள்.